காலால் நிற்கும் சைக்கிள்

கடலூரில் ஒரு சாலை அலுவலகத்தில் எனக்கு வரைபட வேலை. பாலிடெக்னிக்கில் சிவில் முடித்த கையோடு கிடைத்தது. பதவியின் பெயர் டிராப்ட்ஸ்மேன்; பெண் உட்கார்ந்தாலும் அதே பெயர்தான். சாலைகளின் மேடு பள்ளங்களைக் காகிதத்தில் கோடுகளாகப் பார்த்துப் பழகிய எனக்கு, எதையும் வரிசை போட்டு எழுதிக்கொண்டுதான் தொடங்க வரும். காய்கறி வாங்கப் போனாலும் சீட்டு உண்டு. "இவ தாலி கட்டிக்கறதுக்கு முன்னாடியும் ஒரு தடவ சீட்டப் பாத்துக்குவா" என்று அம்மா கேலி செய்வாள்.

வேலைக்குச் சேர்ந்த வருஷமே ஒரு லேடீஸ் சைக்கிள் வாங்கினேன். மஞ்சக்குப்பத்து வீட்டிலிருந்து அலுவலகம் கூப்பிடு தூரம்தான். ஆனால் சாலைப் படம் வரைகிறவள் சாலையில் போய்ப் பார்க்கவும் வேண்டியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, முற்றத்தில் உட்கார்ந்து செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். அம்மா வந்து ஹேண்டில்பாரைப் பிடித்துப் பார்த்தாள். உட்காரும் சீட்டை உள்ளங்கையால் அழுத்தினாள்.

"இதக் கொஞ்சம் கீழ எறக்கு" என்றாள்.

அம்மாவுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். பதின்மூன்று வயது வரை சுமத்ராவில், மேடான் நகரத்தில் வளர்ந்தவள். தாத்தா அங்கே ஒரு புகையிலைத் தோட்டத்தில் கணக்கு எழுதினார். பள்ளிக்கூடத்துக்கு அம்மா சைக்கிளில் போவாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அது எங்கள் வீட்டில் யாரும் இரண்டாம் முறை கேட்காத செய்தி. ஊர் திரும்பிய பிறகு அவள் சைக்கிளைத் தொட்டதே இல்லை. கேட்டதும் இல்லை, யாரும் கொடுத்ததும் இல்லை.

சீட்டை இறக்கிக் கொடுத்தேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவில் ஏறி உட்கார்ந்தாள். நாலு வீடு வரை முன்சக்கரம் கோணிக்கொண்டு போனது. அதற்கப்புறம் ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்தமாதிரி நேராகப் போய்விட்டாள். தெருக்கோடியில் திரும்பி வந்து, ஒரு காலைத் தரையில் தேய்த்து நிறுத்தினாள். பழக்கம் விட்டுப்போனதால் அப்படி நிறுத்துகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அதிலிருந்து தினமும் நான் அலுவலகத்திலிருந்து வந்ததும் அம்மா ஒரு சுற்றுப் போவாள். அப்பாவுக்கு நெல்லிக்குப்பத்தில் கரும்பாலை வேலை. அரவைக் காலத்தில் தூங்குவதற்கு மட்டும்தான் வீடு. அவர் ஒரு நாள் பார்த்துவிட்டு, "பெல்லு அடிச்சிக்கிட்டே போ" என்று மட்டும் சொன்னார்.

இப்படி இருக்கையில் எனக்குச் சிதம்பரத்துக்கு மாற்றல் வந்தது. ஒரு மாதத்தில் போய்ச் சேர வேண்டும். பட்டியல் போட்டேன்: அங்கே தங்க அறை, படுக்கை, ஸ்டவ், வரைகருவிப் பெட்டி, சைக்கிள். சைக்கிளுக்கு நேரே 'ரயில் லக்கேஜ்' என்று எழுதியதை அம்மா பார்த்துவிட்டாள்.

"ரயில்ல எதுக்கு? நான் ஓட்டிக்கினு வரேன்."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அரிசி களைந்தபடியே சொன்னாள். மேடானில் அவள் பள்ளியில் பெரிய வகுப்புப் பெண்கள் வருஷத்துக்கு ஒருமுறை துறைமுகம் வரை சைக்கிளில் போய் வருவார்களாம். நீண்ட சாலை, இரு பக்கமும் மரம், கடைசியில் கடல். அம்மாவின் முறை வந்தபோது தாத்தா, "அடுத்த வருஷம் போலாம்" என்று சொல்லிவிட்டார். அடுத்த வருஷம் குடும்பமே ஊருக்குக் கிளம்பியது. கப்பல் ஏற அதே சாலையில்தான் போனார்கள், வாடகை மோட்டாரில்.

"கண்ணாடி வழியாப் பாத்துக்கினே வந்தேன்" என்றாள். "ஒரு தடவையாவது நீட்டு ரோட்ல போவணும். நீ சைக்கிள எடுத்துக்கினு போயிட்டா அப்புறம் எங்க?"

பக்கத்து வீட்டு நர்ஸ் அக்காவிடம் ஒரு லேடீஸ் சைக்கிள் இருந்தது. அதை இரவல் வாங்கி நான் ஓட்டுவது, என்னுடையதை அம்மா ஓட்டுவது, இரவல் சைக்கிளையும் அம்மாவையும் மறுநாள் ரயிலில் திருப்பி அனுப்புவது என்று பட்டியலைத் திருத்தினேன்.

மாமா, அம்மாவின் தம்பி, விஷயம் கேள்விப்பட்டு வந்தார். கடலூர் துறைமுகத்தில் சரக்கு ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் வேலை அவருக்கு. மேடானிலிருந்து கப்பலில் வரும்போது கைக்குழந்தை.

"ஏங்க்கா, பேரன் பேத்தி எடுக்கற வயசுல இது என்னாத்துக்கு?"

"பேத்தி எங்கடா? இவளுக்குத்தான் ஒரு மாப்பிள்ளையும் புடிக்கமாட்டேங்குதே."

"அந்தக் கவலைய விட்டுட்டு சைக்கிள் ஓட்டறியாக்கும்."

"அதான். ரெண்டுல ஒண்ணாவது என் கையில இருக்கு."

முதல் நீண்ட பயிற்சிக்கு அம்மா கெடிலம் பாலம் தாண்டித் திருப்பாப்புலியூர் போய் வருவதென்று ஏற்பாடு. நான் இரவல் சைக்கிளில் பின்னால் போனேன். பாலத்தின் இறக்கத்தில் அம்மாவின் வண்டி வேகம் பிடித்தது. முன்னால் ஒரு கரும்பு வண்டி நின்றிருந்தது. அம்மா நிறுத்தவில்லை. கரும்புக் கட்டின் நுனியில், தோகைக்குள் போய் நின்றாள். வளையல் இரண்டு உடைந்தது, முழங்கையில் கீறல். வண்டிக்காரர் இறங்கி வந்து கரும்பைத் தடவிப் பார்த்துவிட்டு, பிறகுதான் அம்மாவைப் பார்த்தார்.

"பிரேக்கு புடிக்கல" என்றாள் அம்மா.

அன்று மாலை பிரேக் கம்பிகளைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். பிரேக் கட்டைகளைப் புதிதாக மாற்றினேன். ரிம்மில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்று மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துப் பார்த்தேன். நானே ஓட்டி, இறக்கத்தில் பிடித்துப் பார்த்தேன், நின்றது. அடுத்த வாரம் மறுபடி பாலத்துக்குப் போனோம். அம்மா மறுபடி நிற்கவில்லை. இந்த முறை கரும்பு வண்டி இல்லாததால் சமதளத்தில் தானாக நின்றாள்.

"வண்டியிலதான் கோளாறு" என்றாள், உறுதியாக.

"திரும்ப ஒரு தடவ இறங்கு. நான் பக்கத்துலேயே வரேன்" என்றேன்.

இந்த முறை நான் சக்கரத்தைப் பார்க்கவில்லை, அவள் காலைப் பார்த்தேன். இறக்கம் தொடங்கியதும் அம்மா பெடலைப் பின்பக்கமாக மிதித்தாள். அது சும்மா சுற்றியது. இன்னும் அழுத்தி மிதித்தாள். கை இரண்டும் ஹேண்டில்பாரை இறுகப் பிடித்திருந்ததே தவிர, பிரேக் பக்கம் ஒரு விரல்கூடப் போகவில்லை.

"அம்மா, ஏன் பின்னால மிதிக்கற?"

"நிக்கறதுக்குத்தான்" என்றாள், இதென்ன கேள்வி என்கிற மாதிரி.

மேடானில் டச்சுக்காரர்கள் கொண்டுவந்த சைக்கிள்களுக்குக் கையில் பிரேக்கே கிடையாதாம். பெடலைப் பின்பக்கம் அழுத்தினால் பின்சக்கரம் பிடித்துக்கொள்ளும். உலகத்தில் எல்லா சைக்கிளும் அப்படித்தான் நிற்கும் என்றும், என் வண்டியில் மட்டும் அது கெட்டுப்போயிருக்கிறது என்றும் அம்மா இத்தனை நாள் நினைத்திருந்தாள். நம் ஊர் வண்டியில் இருப்பது பிரீவீல். பின்னால் மிதித்தால் சுற்றிக்கொண்டே இருக்கும். என் பட்டியலில் வண்டியின் பாகங்கள் எல்லாம் இருந்தன. ஓட்டுகிறவளின் கால் இல்லை.

மாமா கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "அப்போ ஹேண்டில்ல இருக்கற அந்தக் கம்பி எதுக்குன்னு நெனச்ச?"

"குடை மாட்டறதுக்குன்னு நெனச்சேன். போடா."

பழகுவது சுலபமாக இல்லை. கற்றுக்கொள்வதல்ல, விடுவதுதான் கஷ்டமாக இருந்தது. காலுக்கு முப்பது வருஷம் போனதே தெரியவில்லை. மைதானத்து ஓரம் மாலைதோறும் ஓட்டினாள். நிற்க வேண்டிய இடத்துக்கு முன்னால் "கை" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்வாள். நிலக்கடலை விற்கிறவர் அவள் வருகிறபோதெல்லாம் கூடையை இரண்டடி பின்னுக்கு இழுத்துக்கொள்வார். நாலு தடவை சரியாக நிற்கும். ஐந்தாவது, ஒரு ஆடு குறுக்கே வந்தால், கால் பின்னால் போய்விடும். அவசரத்தில் அவள் மேடானுக்குப் போய்விடுவாள்.

எனக்கு அதுதான் கவலை. சிதம்பரம் சாலையில் புவனகிரியில் வெள்ளாற்றுப் பாலம் இருக்கிறது. அதன் இறக்கம் எவ்வளவு என்று எனக்குப் படத்திலேயே தெரியும். கிளம்புவதற்கு முந்தின நாள், "புவனகிரியில இறங்கித் தள்ளிக்கினு வந்துடலாம்" என்றேன்.

"துறைமுகத்துக்கு மோட்டார்ல போன மாதிரியா?" என்றாள்.

விடிகிற நேரத்தில் கிளம்பினோம். சாப்பாட்டு மூட்டை, பம்பு, பங்சர் ஒட்டும் சாமான், தண்ணீர், மாற்றுச் சேலை, அயோடின். ஓ.டி. என்கிற கடலூர் பழைய டவுனில் மாமா தன் சைக்கிளோடு நின்றிருந்தார். அவரைப் பட்டியலில் சேர்க்கவில்லை.

"சும்மா ஆலப்பாக்கம் வரைக்கும் வரேன்" என்றார்.

மைல் கற்களை மாற்றிக் கிலோமீட்டர் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. எண்கள் பெரிதாகிவிட்டதால் தூரமும் கூடிவிட்டதாக மாமா சலித்துக்கொண்டார். அம்மாவுக்கு மட்டும் அது சந்தோஷம். மேடானில் கிலோமீட்டர்தான். ஒவ்வொரு கல்லையும் பழைய சிநேகிதியைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு போனாள். சவுக்குத் தோப்புக்கு அப்பால் காற்றில் உப்பு வாடை வந்தபோது மூச்சை இழுத்துவிட்டாள். புதுச்சத்திரத்தில் டீ குடித்தோம். ஆலப்பாக்கம் எப்போதோ பின்னால் போயிருந்தது. மாமா பெஞ்சில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"முடியலன்னா பஸ்ல போடா" என்றாள் அம்மா.

"யாருக்கு முடியல? டீ சூடா இருக்கு, அதான் உக்காந்திருக்கேன்."

புவனகிரிப் பாலத்தில் ஏறும்போது அம்மா முன்னால் இருந்தாள். நான் எட்டிப் பிடிக்க முயன்றேன், முடியவில்லை. பாலத்தின் மறுகோடியில் இறக்கம் தொடங்குகிற இடத்தில், கீழே ஒரு பஸ் நின்று ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றிக் கூடையும் மூட்டையுமாகக் கூட்டம். அம்மாவின் வண்டி வேகம் பிடிப்பது தெரிந்தது. நான் "கை" என்று கத்த வாயைத் திறந்தேன். கத்தினால் திரும்பிப் பார்ப்பாளே என்று மூடிக்கொண்டேன். அவள் காலை மட்டும் பார்த்தேன். இரண்டு பெடலும் சமமாக, அசையாமல் இருந்தன. பின்னால் போகவில்லை. பிரேக் கட்டை ரிம்மில் உரசும் சத்தம் எனக்கே கேட்டது. பஸ்ஸுக்கு நன்றாக முன்னாலேயே ஓரம் கட்டி, காலை ஊன்றி நின்று, எங்களுக்காகத் திரும்பிப் பார்த்தாள்.

பக்கத்தில் போய் நின்றேன். "கைன்னு சொல்லலியே?"

"மறந்துட்டேன்" என்றாள்.

சிதம்பரத்தில் எனக்குப் பார்த்து வைத்திருந்த அறைக்குப் போய்ச் சேர்ந்ததும் அம்மா முதலில் என் சைக்கிளைத் துடைத்து நிறுத்தினாள். பிறகுதான் முகம் கழுவினாள். மறுநாள் ரயில் நேரத்தை நான் சொன்னபோது, வாசலில் நின்றிருந்த நர்ஸ் அக்காவின் சைக்கிளைப் பார்த்தாள்.

"அதுலயும் கை பிரேக்குதான?"

"ஆமா."

"அப்போ ரயில் எதுக்கு? இவன வேணா அனுப்பு."

மாமா மறுப்பே சொல்லவில்லை. அவருடைய சைக்கிளை லக்கேஜில் போட்டோம். அம்மா விடியற்காலை தனியாகக் கிளம்பினாள். தெரு திரும்பும் இடத்தில் ஒரு பால்காரர் குறுக்கே வந்தார். வண்டி மெதுவாகி, ஒதுங்கி, திரும்பிப் போனது. உள்ளே வந்து பட்டியலை எடுத்து, கடைசி வரியில் 'அம்மா' என்பதற்கு நேரே இருந்த ரயிலை அடித்தேன்.

அடுத்த வாரம் மாமா வந்தபோது, அம்மா எப்படிப் போய்ச் சேர்ந்தாள் என்று கேட்டேன். "என்னாத்தச் சொல்றது?" என்றார். "ரயிலு ஜாஸ்தி லேட்டு. நான் எறங்கி உங்க வீட்டுக்குப் போனா, அவ குளிச்சிட்டுத் தலைய ஆத்திக்கினு இருக்கா. என்னடா, மோட்டார்ல வந்தியாங்கறா."