மைசூரில் நாங்கள் பார்த்த கடல்

கதவைத் திறந்து போட்டது நீங்கள்தான். மைசூர் வெளிவட்டச் சாலையை ஒட்டி உயரமாக மதில் கட்டி, உள்ளே செயற்கைக்கோள் சோதனை செய்கிறவர்களைத்தான் சொல்கிறேன்.

போன வருடம் மழைக்காலம். ஹனூர் பக்கம் எங்கள் சோளக்காட்டில் அண்ணியைப் பாம்பு கடித்துவிட்டது. கொள்ளேகாலில் ஊசி போட்டு, மூச்சுக்கு மெஷின் தேவைப்படலாம், மைசூருக்கு ஓடுங்கள் என்றார்கள். ஆம்புலன்ஸ் வேறு கேஸுக்குப் போயிருந்தது. தெரிந்தவர் வேனை நான் ஓட்டினேன். பின்னால் அண்ணன் மடியில் அண்ணி. எனக்கு மைசூரில் வழி தெரியாது. போன் மேப்தான் துணை.

ஊருக்குள் நுழைகிற இடத்தில், மேப்பில் எங்களைக் காட்டும் புள்ளி கடலுக்குள் போய் நின்றது. சுற்றிலும் நீலம். கரையே இல்லை. வண்டி ஓடுகிறது, புள்ளி அசையவில்லை.

"உன் போனுக்குப் பைத்தியமாடா?" என்று கத்திய அண்ணன் தன் போனை எடுத்தார். அதிலும் அதே கடல், அதே இடம்.

தூறலில் வழி கேட்க ஆளில்லை. குத்துமதிப்பாகத் திருப்பினேன். ஒரு மதில், ஒரு கேட். மறுபடி திருப்பினேன். அதே மதில், அதே கேட்.

"எங்க இருக்கறோம் தம்பி?" அண்ணியால் இமையைத் தூக்க முடியவில்லை.

"கடல்ல காட்டுதுங்க அண்ணி."

"நான் கடலே பாத்ததில்லயே..." நாக்கு குழறியது. அதற்குப் பிறகு அண்ணி பேசவில்லை.

அடுத்த திருப்பத்தில் சாப்பாடு டெலிவரி செய்கிறவர்கள் சிலர் வண்டியை நிறுத்திவிட்டு, நனைந்துகொண்டே, போனையே பார்த்தபடி நின்றார்கள். அவர்கள் போனிலும் அதே நீலம். அதில் ஒரு பெண் வேனுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"போன் பேடா, வேண்டாம் அண்ணா, அதை மூடுங்க. ஹாரன் அடிச்சுக்கிட்டே என் பின்னாடி வாங்க!"

ஆஸ்பத்திரி வாசல் வரை முன்னால் போனாள். பேர் கேட்பதற்குள் கிளம்பிவிட்டாள்.

அண்ணி பிழைத்தார். தொண்டையில் குழாய் போட்டதில் குரல் மட்டும் பழையபடி வரவில்லை.

மேப் கெட்டது அந்த மதில் பக்கம்தானே என்று, பிறகு அந்தக் கேட்டுக்குப் போனேன். எதிர் டீக்கடையில், கழுத்தில் அந்த ஆபீஸ் அட்டை மாட்டிய ஒருவர் சொன்னார். செயற்கைக்கோளும் நம் போன் மாதிரி ஜிபிஎஸ் சிக்னலைப் பிடித்துத்தான் தன் இடத்தைத் தெரிந்துகொள்ளுமாம். அதன் உடம்பில் பல ஆண்டெனா. ஒவ்வொன்றுக்கும் சிக்னல் வந்து சேர்வதில் மயிரிழை வித்தியாசம் இருக்குமாம். அதை வைத்து, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறோம் என்றும் கணக்குப் போடுமாம். மேஜைமேல் இருக்கும் செயற்கைக்கோள் பெட்டியை, கடலுக்கு மேலே இருப்பதாக நம்பவைக்கப் பொய் சிக்னல் விட்டுப் பார்ப்பார்களாம். அப்போது அறைக் கதவு சாத்தியிருக்க வேண்டும்; இல்லாவிட்டால் பொய் சிக்னல் வெளியே கசிந்து, அக்கம்பக்கத்துப் போன்களையும் ஏமாற்றிவிடுமாம்.

"அன்னைக்குப் புழுக்கம், திறந்து வச்சுட்டாங்க. வெளிய சொல்லிடாதீங்க" என்றார், சிரித்துக்கொண்டே.

இன்றைக்கும் மேப்பில் அந்தப் புள்ளியைப் பார்த்தால், அது நான்தானா என்று ஜன்னலுக்கு வெளியே ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன். ஒரு பெட்டிக்கு நீங்கள் சொன்ன பொய்யை நம்பி என் அண்ணியின் உயிர் மதிலைச் சுற்றிக்கொண்டிருந்தது. உங்களில் கதவைத் திறந்தது யார்? டீக்கடையில் வேண்டாம், ஊரறியச் சொல்லுங்கள்.