கரைவலையில் இழுத்த சொல்

ஊர்காவற்றுறையில் நடந்த ஆங்கிலப் பேச்சுப் போட்டிக்கு எழுவைதீவிலிருந்து போன ஒரே பிள்ளை நான். பேச்சு முழுவதும் மனப்பாடம். ‘ரெஸ்பொன்சிபிலிட்டி’ என்ற சொல் மட்டும் வாய்க்குள் அடங்கவில்லை.

போட்டிக்கு முதல்நாள், அப்பாவோடும் ஊராரோடும் கரையில் நின்று கரைவலைக் கயிற்றை இழுத்தபோது, ஏலேலோவுக்குப் பதிலாக அதையே துண்டு துண்டாகக் கத்திப் பார்த்தேன். ஓர் இழுவைக்கு ஒரு துண்டு. ரெஸ்! பொன்! சி! பி! லிட்! டி!

“என்ன பிள்ளை உது?” என்றார் பக்கத்தில் இழுத்த அக்கா.

“பொறுப்பு எண்டு அர்த்தம்.”

“பொறுப்புக்கு இவ்வளவு நீளமோ!”

சிரித்துக்கொண்டே கரையில் நின்ற எல்லாரும் அதைச் சொல்லி வலையை ஏற்றினார்கள்.

மறுநாள் மேடையில் அந்தச் சொல் வந்ததும் ‘ரெஸ்... ரெஸ்...’ என்று சிக்கி நின்றேன். கடைசி வரிசையில் அப்பா துள்ளி எழும்பி என்னைப் பார்த்துக் கத்தினார்.

“இழு மோனை!”

இல்லாத கயிற்றை எட்டிப் பிடித்தேன். ரெஸ்! என்னோடு படகில் வந்த ஊரார் அத்தனை பேரும் எழுந்து இழுத்தார்கள். பொன்! சி! பி! லிட்! டி! மண்டபம் அதிர்ந்தது!

பரிசு வேறொரு பிள்ளைக்குப் போனது. நாங்களோ வெற்றி பெற்றவர்களைப் போலக் கத்திக்கொண்டே படகேறினோம்.

இப்போதும் நீளமான ஆங்கிலச் சொல்லைக் கண்டால் மேசைக்குக் கீழே என் கைகள் தாமாக இழுக்கும். எனக்குப் பின்னால் கயிற்றில் ஆட்கள் நிற்பதுபோலவே இருக்கும்.