நீட்டு விசிலும் குட்டி விசிலும்

விசிலுக்குள்ளே ஒரு சின்னக் கட்டை உருண்டை கிடக்கும். ஊதினால்தான் அது சத்தம் போடும் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். ஆனால் கழுத்தில் கயிறு போட்டு அதைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு ஆள் வேகமாக நடந்தால், சட்டைப் பொத்தானில் அது இடித்து இடித்து உள்ளே "கிடுகிடு"வென்று உருள்வது பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கும். தென்காசியில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் அந்தக் கிடுகிடுப்பு கேட்டால் சுடலை சார் வருகிறார் என்று பொருள். இன்றைக்கும் எங்கேயாவது அந்தச் சத்தம் காதில் விழுந்தால் நான் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன். அவர் அடிப்பார் என்பதால் அல்ல. சுடலை சார் எந்தப் பிள்ளையையும் கை நீட்டி அடித்தவர் இல்லை, ஒரே ஒரு நாளைத் தவிர. அந்த நாளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அவர் எங்கள் விளையாட்டு வாத்தியார். பெண்பிள்ளைகளின் கோ-கோ அணியை உண்டாக்கி வளர்த்தவர். விளையாட்டு வாத்தியார் என்றதும் மீசையை முறுக்கிய ஒரு முரட்டு ஆளை மனதில் கொண்டுவந்துவிடாதீர்கள். எங்கள் சாரைப் போல ஒரு பயந்த மனிதரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. நாய்க்குப் பயம், இடிக்குப் பயம், சுரண்டையிலிருந்து தினமும் அவர் வந்துபோகிற பஸ்ஸுக்கும் பயம். கையில் எப்போதும் ஒரு மஞ்சள் பை இருக்கும். அதில் பஞ்சு, மருந்து, குளுக்கோஸ், மெழுகுவர்த்தி, குடை எல்லாம் இருக்கும். மெழுகுவர்த்தி எதற்கு என்று ஒருநாள் கேட்டோம். "கரண்டு போயிட்டுன்னா?" என்றார். நாங்கள் ஆடுவது பட்டப்பகலில், திறந்த மைதானத்தில்.

எங்கே போனாலும் எங்கள் தலைகளை எண்ணுவார். பஸ் ஏறும்போது ஒரு தடவை, உட்கார்ந்த பிறகு ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை. உதடு மட்டும் அசையும். எண்ணி முடித்துக் கணக்கு சரியாக வந்ததும் ஒரு பெருமூச்சு விடுவார் பாருங்கள், அந்தப் பெருமூச்சுக்காகவே நாங்கள் அவருக்கு அடங்கி நடந்தோம். அவர் முகம் வெளிறிப்போவதை எங்களால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. போலீசில் இருந்த என் அப்பாவுக்கு இதெல்லாம் ஒரே கேலி. "ஏட்டி, ஒங்க சாரு என்ன இப்பிடிப் பயந்து சாவுதாரு? இவர வச்சுக்கிட்டு நீங்க எங்கன போயி கப்பு வாங்கப் போறிய?" என்பார். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் கப்பு வாங்கிக்கொண்டுதான் இருந்தோம்.

எங்கள் மைதானம் பள்ளிக்கூடத்தை ஒட்டி இல்லை. செங்கோட்டைக்குப் போகிற பெரிய ரோட்டைத் தாண்டிப் போக வேண்டும். ஒருநாள் நாங்கள் பாதி ரோட்டில் இருக்கும்போது ஒரு பஸ் வளைவில் திரும்பி வந்துவிட்டது. பாதிப் பேர் முன்னால் ஓட, பாதிப் பேர் பின்னால் ஓட, ஒருத்தியின் பாவாடையை உரசிக்கொண்டு பஸ் நின்றது. டிரைவர் கண்டபடி வைதார். சார் ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த இடத்திலிருந்தே எங்களை மறுபடி மறுபடி எண்ணினார்.

மறுநாளிலிருந்து எங்களுக்கு ஒரு புதுச் சட்டம் வந்தது. "நீட்டு விசில்" கேட்டால் எங்கே இருந்தாலும், என்ன செய்துகொண்டிருந்தாலும், அப்படியே நின்றுவிட வேண்டும். தூக்கிய காலைக் கீழே வைக்கலாம், அவ்வளவுதான். அடுத்தடுத்து இரண்டு "குட்டி விசில்" கேட்டால்தான் அசையலாம், அதுவும் அவர் நிற்கிற பக்கமாகத்தான் ஓடி வர வேண்டும். "ஊரே ஓடினாலும் நீங்க ஓடக் கூடாதுட்டி. பயத்துல ஓடுதவளுக்குத் திக்கு தெரியாது. குட்டி விசிலக் கேட்ட பொறவுதான் காலை எடுக்கணும்" என்பார். ரோட்டில், மைதானத்தில், பஸ் ஸ்டாண்டில், தேரோட்டக் கூட்டத்தில் என்று எதிர்பாராத இடத்தில் எல்லாம் ஊதிப் பார்த்தார். அந்த வருஷம் முடிவதற்குள் எங்கள் கால்கள் எங்களுடையவையாக இல்லை. கடைத்தெருவில் எவனோ ஒரு பஸ் கண்டக்டர் நீளமாக விசில் ஊதினால்கூட கையில் பையோடு நான் நின்றுவிடுவேன்.

எங்களில் இந்தச் சட்டத்தை ஒரு சொட்டுக்கூட மீறாதவள் ஜரினா. வடகரையிலிருந்து பஸ்ஸில் வந்து படித்தாள். அவள் வாப்பா வளைகுடாவில் வேலையில் இருந்தார். பெண்பிள்ளையை ஆட அனுப்பவே மாட்டேன் என்று நின்ற அவள் உம்மாவிடம் சார் நேரில் போய்ப் பேசினார். அந்த அம்மா கடைசியில், "சாரே, எம்புள்ளய ஒங்கள நம்பித்தான் அனுப்புதேன், பொழுதடைய முன்ன வீட்டுல இருக்கணும்" என்றார்களாம். அன்று முதல் ஜரினா பஸ் ஏறி, அந்த பஸ் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் ஸ்டாண்டில் நிற்பது சாரின் வேலைகளில் ஒன்றாகிவிட்டது.

அது நல்ல குற்றாலச் சீசன் சமயம். சாரல் விட்டு விட்டு அடித்துக்கொண்டிருந்தது. செங்கோட்டையில் நடந்த போட்டியில் ஜெயித்துவிட்டு மத்தியானமே ஊர் திரும்பிக்கொண்டிருந்தோம். குற்றாலத்துக்குப் போய்க் குளித்துவிட்டுப் போகலாம் என்று நாங்கள் நச்சரித்தோம். சார் அசையவில்லை. தண்ணீர் என்றாலே அவருக்கு ஆகாது; நீச்சலும் தெரியாது. அப்போதுதான், கேட்டால் ஒழிய வாயைத் திறக்காத ஜரினா சொன்னாள்: "சார், நான் இதுவரைக்கும் அருவியில குளிச்சதே இல்ல சார்." குற்றாலத்துக்குப் பக்கத்து ஊரில் பிறந்த பிள்ளை இப்படிச் சொன்னதும் அவர் மனசு இளகிவிட்டது. போனோம்.

அருவிக்குப் போனதும் சார் முதலில் அங்கே காவலுக்கு நின்ற ஒரு போலீஸ்காரரிடம் போனார். "மேல மழை உண்டா? தண்ணி நிதானமா வருதா?" என்று கேட்டார். கொஞ்ச தூரம் வந்து திரும்பிப் போய் மறுபடி கேட்டார். "அண்ணாச்சி, நீங்க குளிக்கலன்னா போங்க, பிள்ளைங்களையாவது குளிக்க விடுங்க" என்று அவர் சலித்துக்கொண்டார். எங்களை எண்ணி உள்ளே அனுப்பிவிட்டு, எங்கள் பைகளை மடியில் வைத்துக்கொண்டு, குடையைப் பிடித்தபடி படிக்கட்டில் உட்கார்ந்தார் சார். பெண்கள் குளிக்கிற பக்கம் என்பதால் அருவிக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்தார். அப்படி ஒரு மரியாதைக்காரர்.

தலையில் விழுகிற தண்ணீர் திடீரென்று கனத்தது எனக்கு நினைவிருக்கிறது. கண்ணைத் திறந்தால் தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. தோளில் ஒரு சுள்ளி வந்து விழுந்தது. பிறகு இலைகள், பிறகு சின்னச் சின்னக் கற்கள். அந்த நேரத்தில் போலீஸ்காரர் விசில் ஊதினார். நீளமாக, மூச்சு முட்டுகிற அளவுக்கு நீளமாக.

பெண்கள் எல்லாரும் அலறிக்கொண்டு கரைக்கு ஓடினார்கள். நாங்கள் நின்றோம்.

இதை யாரிடம் சொன்னாலும் நம்புவதில்லை. ஓடுவதற்கென்றே பழகிய பிள்ளைகள், அந்த அருவிக்கரையில் எங்களைவிட வேகமாக ஓடக்கூடியவர் ஒருத்தரும் கிடையாது, நாங்கள் மட்டும் தண்ணீருக்குள் நட்டுவைத்த மாதிரி நின்றோம். பயம் இல்லாமல் இல்லை. ஓடு ஓடு என்று மனசு கத்தியது. கால் கேட்கவில்லை. குட்டி விசில் வரும், வந்துவிடும், சார் ஊதிவிடுவார் என்று காத்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் கணுக்காலிலிருந்து முழங்காலுக்கு ஏறியது. போலீஸ்காரரோ மேலும் மேலும் நீளமாகவே ஊதிக்கொண்டிருந்தார். அவர் ஊத ஊத நாங்கள் இன்னும் இறுகி நின்றோம்.

சார் திரும்பிப் பார்த்திருக்கிறார். ஊரே ஓடுகிறது, தன் பிள்ளைகள் மட்டும் நிற்கிறார்கள். ஏன் நிற்கிறோம் என்று அந்த இடத்தில் இருந்த அத்தனை பேரிலும் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். குட்டி விசில் ஊதியிருக்கிறார், ஊதிக்கொண்டே ஓடி வந்திருக்கிறார். போலீஸ் விசில்களுக்கு நடுவில் அது எங்கள் காதுக்கு எட்டவே இல்லை. "யோவ், லேடீஸ் பக்கம்யா!" என்று யாரோ கத்தியது மட்டும் எனக்குக் கேட்டது. அடுத்த நொடி என் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. "ஓடுங்கட்டி! ஓடுங்கட்டி!" என்று கதறியபடி சார் ஒவ்வொருத்தியாக அறைந்துகொண்டே போனார். அந்த அறைதான் எங்கள் கால்களை எங்களுக்குத் திருப்பிக் கொடுத்தது. ஓடினோம், விழுந்தோம், படியேறினோம்.

மேலே வந்ததும் அவர் எண்ணினார். மறுபடி எண்ணினார். ஒரு தலை குறைந்தது.

பாறை மறைவில், குளிப்பவர்கள் பிடித்துக்கொள்ளப் போட்டிருந்த இரும்புக் கம்பியைப் பிடித்தபடி, இடுப்பளவுத் தண்ணீரில் ஜரினா நின்றுகொண்டிருந்தாள். எங்களைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். அழவில்லை, கத்தவில்லை, குட்டி விசிலுக்காகக் காத்திருந்தாள். நாங்கள் கத்தியது அந்த இரைச்சலில் அவளுக்குக் கேட்கவில்லை. சார் திரும்ப இறங்கினார். நீச்சல் தெரியாத, பச்சைத் தண்ணீருக்கே பயந்த அந்த மனிதர், கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தக் கலங்கல் தண்ணீருக்குள் அடி அடியாகப் போனார். பாதி தூரத்தில் நின்று, விசிலை வாயில் வைத்து, இரண்டு தடவை ஊதினார். குட்டி விசில். ஜரினா உடனே அசைந்தாள். கம்பியைப் பற்றிப் பற்றி அவரை நோக்கி வந்தாள். அவளைப் பிடித்துப் படிவரைக்கும் கொண்டுவந்து, மேலே நின்ற போலீஸ்காரர் கையில் தள்ளிவிட்ட நேரத்தில் சாருக்குப் பாசி வழுக்கியது. தண்ணீர் அவரை இழுத்துக்கொண்டுபோய் அடுத்த கம்பி வரிசையில் அடித்தது. கால் இடையில் மாட்டிக்கொண்டு முறிந்தது. கயிறு போட்டுத்தான் தூக்கினார்கள். படியில் கிடத்தியபோது அவர் கண்ணைத் திறந்து கேட்டது ஒன்றுதான்: "எல்லாரும் இங்கன இருக்கியளாட்டி?"

பெருமூச்சு மட்டும் அன்றைக்கு வரவில்லை.

ஊர் அவரைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது. பயந்தாங்கொள்ளி என்று சிரித்த என் அப்பா தினமும் ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுபோனார். வீட்டில் சாரைப் பற்றி அதன்பின் ஒரு கேலிப் பேச்சு கிடையாது. ஆனால் நான் பார்க்கப் போனபோது சார் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நான்தான்ட்டி ஒங்கள நிக்க வச்சேன். பத்திரமா இருக்கட்டும்னு நெனச்சி நானே நிக்க வச்சேன்." ஜரினாவின் உம்மா வந்து, "சாரே, எம்புள்ள நின்னதும் ஒங்க சொல்லுக்கு, வந்ததும் ஒங்க சொல்லுக்கு. நாளைக்கும் அனுப்புவேன்" என்றார்கள். அது எங்களுக்கெல்லாம் ஆறுதலாக இருந்தது. சாருக்கு இல்லை.

காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்துகொண்டு அவர் திரும்பி வந்தார். விசில் வரவில்லை. அதற்குப் பிறகு ஓய்வு பெறுகிற வரைக்கும் கைதட்டித்தான் ஆட்டம் நடத்தினார். கைதட்டல் மைதானத்தின் பாதிக்குக்கூடக் கேட்காது. நாங்களும் அருவிப் பக்கம் போகவில்லை. குளியலறையில் வாளி நிறைகிற சத்தத்துக்கே நான் வெளியே ஓடி வந்த நாட்கள் உண்டு.

இப்போது அருவிகளில் சைரன் வைத்திருக்கிறார்கள். தண்ணீர் கொஞ்சம் கூடினாலே தடை போட்டுவிடுகிறார்கள். எங்கள் மைதானத்தில் கோ-கோ கம்பங்கள் நின்ற இடத்தில் கார்கள் நிற்கின்றன. கிடுகிடுவென்று உருளும் விசிலைக் கழுத்தில் போட்டு நடக்கிற ஆளை அந்தத் தெருவில் பார்த்து வெகுகாலமாகிறது.

போன சீசனில் சுடலை சார் இறந்துபோனார். தகவல் கேட்டு எங்கள் பழைய அணி முழுதும் சுரண்டைக்கு வந்துவிட்டது. ஜரினாவும் தன் மகளோடு வந்திருந்தாள். எங்கள் பள்ளிக்கூடத்து இப்போதைய விளையாட்டு வாத்தியார், சின்ன வயசுப் பையன், பிள்ளைகளைச் சீருடையில் கூட்டிவந்து வரிசையாக நிறுத்தியிருந்தார். சாரைத் தூக்கித் தெருவில் இறங்கினார்கள். தெருமுனை வரைக்கும் போகிற பெண்களோடு நாங்களும் நடந்தோம். அப்போது அந்தப் பையன் மரியாதை செய்வதாக நினைத்து ஒரு விசில் ஊதினார். நீளமான விசில்.

கூட்டம் அதுபாட்டுக்கு நடந்தது. நாங்கள் நின்றுவிட்டோம். நரை விழுந்த, மூட்டுவலி வந்த பெண்கள், தெருவில் ஆளுக்கொரு இடத்தில், அப்படியே. தண்ணீர் முழங்காலுக்கு ஏறுகிற அதே பயம் எனக்கு வந்தது. சார் தெருமுனை திரும்பி மறைந்துவிட்டார்.

ஜரினாவின் மகள் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "வா உம்மா, எல்லாரும் போறாங்கல்லா" என்றாள்.

"பொறு மக்கா" என்றாள் ஜரினா, கண்ணை எடுக்காமல். "குட்டி விசில் இன்னும் அடிக்கலல்லா."