குச்சி நுனியில் கறுப்பு டேப்

டிரம்ஸ் செட்டில் வாசிக்கும் வெண்கலத் தட்டான இருபத்திரண்டு அங்குலச் சிம்பலை மடியில் வைத்துக்கொண்டு கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறினால் அதைச் சிம்பல் என்று யாரும் நம்புவதில்லை. "இன்னா சார், தோசைக்கல்லா? ஓட்டல் வெக்கப் போறீங்களா?" என்றார் கண்டக்டர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. புதுச்சேரியில் ஓர் உணவகத்தில் வார இறுதிகளில் ஜாஸ் வாசிக்கும் சிறு குழுவில் டிரம்ஸ் இடம் காலியாக இருந்தது. போன வாரம் என்னை வாசிக்கச் சொன்ன பியானோக்கார அம்மா, பாதிப் பாட்டிலேயே கையைத் தூக்கி நிறுத்திவிட்டார். "உங்க சிம்பல் ஒரே இரைச்சல். என் பியானோ எனக்கே கேக்கல. வேற குச்சி பாத்துட்டு ஞாயித்துக்கிழமை வாங்க. அன்னிக்கும் இப்படித்தான்னா நான் வேற ஆள் பாத்துக்கறேன்."

அந்த வாரம் முழுக்க நான் மனுஷனாக இல்லை. பெரிய சிம்பலைக் கனமான குச்சியால் தட்டினால் தகடு மொத்தமும் அதிர்ந்து இரையும். மெல்லிய குச்சி, சிறிய உருண்டை நுனி என்றால் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்கும். ஜாஸுக்கு அதுதான் வேண்டும். இதெல்லாம் தெரிந்துதான் தடித்தது, மெலிந்தது, மேப்பிள் மரம், ஹிக்கரி மரம் என்று குச்சிகளாக வரவழைத்தேன். எல்லாம் ஒரே சத்தம். சிம்பலைத் திட்டினேன், வீட்டுச் சுவரைத் திட்டினேன். "எதால அடிச்சாலும் ஒண்ணாத்தாங்க கேக்குது. மண்டை காயுது, கொஞ்சம் நிறுத்துங்க" என்று மனைவி கதவைச் சாத்தினாள். அவளிடமும் எரிந்து விழுந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி போகும் வழியில், உளுந்தூர்பேட்டையில் அடுத்த பஸ்ஸுக்கு நின்றபோது கை சும்மா இருக்கவில்லை. மெலிந்த மேப்பிள் குச்சி ஒன்றை எடுத்து, நுனியை நகத்தால் சுரண்டிக்கொண்டே சாலையை எட்டி எட்டிப் பார்த்தேன். குனிந்தால், விரலில் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுருண்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

எங்கள் பக்கத்துக் கச்சேரி டிரம்மர்களான நாங்கள் புதுக் குச்சி வாங்கியதும் முதல் வேலையாக நுனியில் டேப் சுற்றுவோம். கரியாலூர் மாதிரி மலைமேல் மேடை போட்டால் சத்தத்தைக் காற்று கொண்டுபோய்விடும், ஓங்கி அடித்தால்தான் உண்டு. டேப் இல்லையென்றால் நுனி சிலும்பிவிடும். அந்தப் பழக்கத்தில், வந்த குச்சி ஒவ்வொன்றுக்கும் தட்டிப் பார்க்கும் முன்பே சுற்றிவிட்டிருக்கிறேன். வாரம் முழுக்க நான் கேட்டது மரத்தை அல்ல, டேப்பை.

பஸ் ஸ்டாண்டிலேயே சிம்பலை வெளியே எடுத்து, நடு ஓட்டையில் விரலைக் கோத்துத் தூக்கினேன். டேப் சுற்றிய குச்சியால் தட்டினேன்: தஷ். வெறும் நுனியால் தட்டினேன்: டிங். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் சந்தோஷப்பட முடியவில்லை. இரைச்சலுக்குள் இத்தனை நாள் என் கையின் தடுமாற்றம் ஒளிந்திருந்தது. இனி ஒவ்வொரு அடியும் வெளியே தெரியும். பழகிப் பார்க்கவும் நேரமில்லை.

புதுச்சேரியில் இரண்டு பாட்டு வாசித்தோம். என் கண் முழுக்க அந்த அம்மாவின் கை மேலேயே இருந்தது. அது பியானோவை விட்டு எழவே இல்லை. முடிந்ததும் அவர் என் பக்கம் திரும்பினார்.

"எதுக்கு இந்த ஓட்டம் ஓடறீங்க? ரெண்டாவது பாட்டுல என்னை இழுத்துக்கிட்டுப் போறீங்க. வர்ற சனிக்கிழமை ஆளுங்க சாப்பிட உக்காந்திருக்கும்போது இப்படி ஓடாதீங்க."

தலையைக் குனிந்து சரி என்றேன். குச்சியைப் பையில் போடும்போதுதான் சனிக்கிழமை என்று அவர் சொன்னது காதில் விழுந்தது.