சந்தனம் மறைத்த இடம்

மன்னார்புரத்தில் என் சாரத்தில் எழும்பிய வீடுகளை எண்ணச் சொன்னால் எனக்கே பாதி விட்டுப்போகும். சமயபுரத்தில் நான்கு மாடி லாட்ஜ் ஒன்று, சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் இரண்டு தண்ணீர்த் தொட்டிகள், ஸ்ரீரங்கத்தில் கோபுரத்துக்கு வர்ணம் அடித்தவர்கள் நின்ற சவுக்குச் சாரம், எல்லாம் நான் போட்ட முடிச்சில் நின்றவை. படித்தது நாலாம் வகுப்பு. அப்பா இல்லை, சிபாரிசு இல்லை. என் சாரத்திலிருந்து இன்றுவரை ஒரு ஆள் விழுந்ததில்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமும் இல்லை.

வேலையை மகனிடம் விட்ட பிறகு, சமயபுரம் தாண்டி ஒரு மொட்டைப் பாறையில் பாறை ஏறப் பழக்கும் தம்பி ஒருவர் என்னைத் தேடி வந்தார். உச்சியில் இரும்பு வளையம் பதிக்க வேண்டுமாம். அவர் ஒன்று போதும் என்றார். இரண்டு இல்லாமல் நான் உளியைத் தொட மாட்டேன் என்றேன். இரண்டு பதித்தேன். அதன்பிறகு ஞாயிறுதோறும் போவேன். யாரும் ஏறுவதற்கு முன் கண்ணை மூடிக்கொண்டு, முழுக் கயிற்றையும் வெறும் கையால் உருவிப் பார்ப்பேன்.

"என்னங்கய்யா, கயித்துக்கு நாடி பாக்குறீங்களா?" என்று சிரிப்பார் தம்பி.

"நின்னுபோச்சுன்னா நான்தான் மொதல்ல சொல்லுவேன்" என்பேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜையைப் பாறையடியிலேயே போட்டோம். போடச் சொன்னதே நான்தான். சாரத்துக் கயிற்றுக்கு நாற்பது வருஷம் பூஜை போட்டவன். கயிறு, கொக்கி, தலைக்கவசம் எல்லாவற்றையும் குவித்து, சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினேன். காற்று சுழன்று அடித்தது. எரிகிற கட்டி ஒன்று தட்டிலிருந்து சரிந்து கயிற்றின் மேல் விழுந்தது. கையால் தட்டிவிட்டேன். கருப்பாக ஒரு தடம் தெரிந்தது. பூஜைப் பொருளில் கரி இருக்கலாமா என்று அதன் மேல் சந்தனத்தைக் கனமாக அப்பினேன். தேங்காய் நார்க் கயிற்றில் எத்தனை முறை கற்பூரம் விழுந்திருக்கிறது. கொஞ்சம் பழுப்பாகும், அவ்வளவுதான். இது நைலான் என்பது புத்தியில் ஏறவில்லை. பூஜையில் வைத்ததை மறுநாள்வரை தொடக்கூடாது என்பதால் யாரும் தொடவில்லை. நானும்தான்.

மறுநாள் விஜயதசமி. ஸ்ரீரங்கத்துப் பெண் ஒருவர், ஸ்கூல் டீச்சர், நல்ல நாள் பார்த்து முதல்முறையாக உச்சிவரை ஏறுவதாகச் சொல்லியிருந்தார். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பண்டிகைக் கூட்டம். மூன்று பஸ்ஸை விட்டு நாலாவதில் தொற்றினேன். போய்ச் சேர்ந்தபோது அவர் பாறையில் முக்கால் உயரத்தில் இருந்தார். மேலே இரண்டு பருந்துகள் வட்டம் போட்டுக்கொண்டிருந்தன. காற்று மட்டும் சுத்தமாக நின்றிருந்தது.

"கயித்த யாரு பாத்தா?"

"நேத்துதான பூஜை போட்டோம். சாமி பாத்துருச்சுங்கய்யா" என்றார் தம்பி, கையுறையோடு கயிற்றை இழுத்தபடி.

கயிறு டீச்சரின் இடுப்பிலிருந்து உச்சி வளையத்துக்குப் போய், திரும்பித் தம்பியின் இடுப்புக்கு வரும். அவர் ஏற ஏறத் தம்பி தொய்வை இழுத்துக் காலடியில் போடுவார். இறக்கும்போது அதே கயிறுதான் பாரத்தோடு திரும்ப மேலே போகும். காலடியில் கிடந்த குவியலை எடுத்து, பழக்கதோஷத்தில் கண்ணை மூடி உருவினேன். ஏழெட்டு முழம் வழவழவென்று வந்தது. பிறகு விரலில் ஒரு கட்டி தட்டியது. காய்ந்த சந்தனம். நகத்தால் சுரண்டினேன். உள்ளே கண்ணாடிபோல் உருகி இறுகியிருந்தது. வளைத்ததும் மேலுறை வெடித்து, கருகிய இழைகள் பல்லைக் காட்டின.

அந்த இடத்தை நம்பித்தான் அவர் முதல் மூன்று ஆள் உயரம் ஏறியிருக்கிறார். அப்போது அவர் கால் வழுக்கவில்லை, கயிற்றில் பாரம் விழவில்லை. இறங்கும்போது அது பாரத்தில் போகாமல் வழியில்லை.

"கை நடுங்கறது. எறக்கி விட்டுடுங்கோ" என்று மேலிருந்து குரல் வந்தது.

தம்பி கயிற்றை நெகிழ்த்தப் போனார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்து, அந்த இடத்தைக் காட்டினேன்.

"பூட்டிப் பிடிங்க. ஒரு சாணும் விடாதீங்க" என்றேன் மெதுவாக. பிறகு மேலே பார்த்து, "டீச்சரம்மா, கயித்துல சாஞ்சு ஒக்காந்துக்குங்க. நான் மேல வரேன்."

"ஏன் மாமா, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. மொத தடவை உச்சிக்கு வர்றீங்க, வரவேற்க ஆள் வேணாமா?"

மாற்றுக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு பின்பக்கச் சரிவில் ஏறினேன். என் முழங்கால் அன்று செய்த வேலைக்கு அதற்குத் தனியாகப் பூஜை போட வேண்டும். ஏறும்போதே கயிற்றை உருவிப் பார்த்துக்கொண்டு போனேன்.

இரண்டாவது வளையத்தில் கயிற்றைக் கோத்து, கொக்கி கட்டிய முனையை டீச்சரிடமும் மறு முனையைத் தம்பியிடமும் இறக்கினேன். கொக்கி மாட்டப் போன டீச்சரின் கை இரண்டு முறை தவறியது. மூன்றாவது முறை 'டக்' என்று கேட்டது. அதற்குப் பிறகுதான் தம்பி மாற்றுக் கயிற்றில் பாரத்தை ஏற்றி அவரை இறக்கினார்.

டீச்சரின் கால் மண்ணில் பட்ட பிறகு, நான் இறங்கி வந்து கருகிய இடத்தை அவர் உள்ளங்கையில் வைத்தேன். கற்பூரத்தைத் தவறவிட்டது யார், சந்தனம் அப்பியது யார், எல்லாம் சொன்னேன். அவர் அதை என்னிடமே திருப்பி நீட்டினார். "எங்காத்துல சொல்லிடாதேங்கோ மாமா" என்று மட்டும் சொன்னார்.

இப்போது பாறையடியில் ஒரு பலகை நிற்கிறது. கயிற்றருகே நெருப்பு கூடாது, கயிற்றின் மேல் எதையும் பூசக் கூடாது, ஏறும் முன் வெறும் கையால் முழுக்க உருவிப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். அடியில் 'பயிற்சிக் குழு' என்று போட்டிருக்கிறது. தம்பியிடம் மூன்று முறை சொல்லிவிட்டேன், இங்கேயும் எழுதுகிறேன்: அந்தக் குழு அன்று கயிற்றைத் தடவவில்லை. இரண்டாவது வளையத்தைப் பதித்தவன், கயிற்றைச் சுட்டவன், சுட்டதைக் கண்டுபிடித்தவன் மூவரும் ஒரே ஆள். மூன்றையும் சேர்த்து, என் பேரைப் பலகையில் போட வேண்டும்.