ஐயாவும் மிச்சத் தண்ணீரும்

எங்கள் ஐயாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து, எங்களோடு இருந்து சாப்பிட்டு, இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் குளத்துச் சனங்களுக்கும் மூத்த மகள் எழுதுவது. நல்லதை மட்டும் எழுது என்று சின்னம்மா சொன்னார். நல்லதைத்தான் எழுதுகிறேன். ஆனால் ஐயாவுக்குக் கடைசிவரை ஆறாமல் கிடந்த ஒன்றை விட்டுவிட்டு எழுதினால், இது வேறு யாரோ ஒருவருடைய நினைவு மலராகிவிடும்.

ஐயா வடமராட்சியில் பிறந்தவர். தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போய்விட, மீசை முளைக்க முதலே குடும்பப் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. குடும்பம் என்றால் ஒரேயொரு தங்கை, எங்கள் மாமி. பிறருடைய புகையிலைத் தோட்டங்களில் துலா மிதித்து, கிணற்றுத் தண்ணீர் இறைத்து மாமியை வளர்த்து, மாமாவின் கையில் பிடித்துக் கொடுத்தார். பிறகு துணுக்காய்ப் பக்கத்தில் ஒரு குளத்தின் கீழ் அரசாங்கக் குடியேற்றம் தொடங்கியபோது ஐயாவுக்குக் காணி கிடைத்தது. மாமாவுக்குக் கிடைக்கவில்லை. "நீங்களும் வாங்கோ. நான் சாப்பிட்டால் நீங்களும் சாப்பிடுவியள்" என்று சொல்லி அவர்களையும் கூட்டி வந்தார். அந்தச் சொல்தான் பின்னாளில் அவரைத் தின்றது.

எங்கள் வயல் வாய்க்காலின் கடைசி வயல். அதற்குக் கீழே காடு. யானைக்கும் காய்ச்சலுக்கும் தப்பி, மாமாவும் மாமியும் அந்தக் காட்டை வெட்டி வயலாக்கினார்கள். அதற்குப் பத்திரமும் இல்லை, வாய்க்காலும் இல்லை. எங்கள் கீழ் வரம்பில் ஒரு வெட்டு இருந்தது. அதால் வழிந்த மிச்சத் தண்ணீரில்தான் அவர்களுடைய நெல் விளைந்தது.

மழையில்லாத சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் எல்லோருக்கும் போதாது. வாய்க்காலடியில் மண்வெட்டி தூக்கிய சண்டைகளை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள், உங்களில் சிலர் தூக்கியவர்கள். அந்தக் காலத்தில்தான் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஓர் இளம் உத்தியோகத்தர் வந்தார். குறைந்த தண்ணீரில் நெல் விளைவிப்பதை விவசாயிகளின் வயலிலேயே, அவர்களோடு சேர்ந்து செய்து பார்க்கவேண்டும் என்பது அவருடைய எண்ணம். ஊர் அவருக்கு 'தண்ணி அளக்கிற தம்பி' என்று பெயர் வைத்தது. முதலில் வயலைக் கொடுத்தவர் ஐயா. இருவரும் சேற்றில் நின்று அளவுகோல் நட்டு, நண்டு வளை அடைத்து, வரம்பு மெழுகி, மண் வெடிக்கப் போகும் நேரம் மட்டும் ஈரம் காட்டிப் பாய்ச்சினார்கள். மண் எப்போது வெடிக்கும் என்று ஐயா சொல்வார்; எவ்வளவு தண்ணீர் போயிற்று என்று தம்பி அளப்பார். ஐயா அந்த நாட்களில் சிரித்ததுபோல் முன்னும் சிரிக்கவில்லை, பின்னும் சிரிக்கவில்லை.

ஒரு சொட்டும் வெளியே போகக்கூடாது என்று கீழ் வரம்பின் வெட்டையும் அடைத்தார்கள். அந்த மாரிப் பெரும்போகத்தில் நல்ல மழை. மாமியின் வயலுக்கு ஒரு குறையும் இல்லை. குளத்திலோ வழமையைவிடத் தண்ணீர் மிஞ்சியது. சிறுபோக விதைப்புக் கூட்டத்தில் ஐயா எழுந்து, இந்த முறையில் பாய்ச்சினால் சிறுபோகத்தில் தரிசாய்க் கிடக்கும் மறுகரை வயல்களும் விதைக்கலாம் என்று சொன்னார். அவர் சொல்லை நம்பி எல்லோரும் விதைத்தார்கள். கேட்காமலே அண்ணன் வெட்டைத் திறப்பார் என்று நம்பி மாமியும் விதைத்தார்.

கதிர் வர முதல் நெல் குடலை கட்டும் நேரமும் வெட்டு அடைத்தபடியே கிடக்க, மாமி வந்தார். ஐயாவும் தம்பியும் வரம்பில் நின்றார்கள். நான் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன்.

"அண்ணை, எங்கட வயல் வெடிச்சுப்போச்சு. உங்கட மிச்சத் தண்ணியிலதானே நாங்கள் சோறு திண்டனாங்கள்" என்றார் மாமி.

தம்பி குடியேற்றத் திட்டப் படத்தை விரித்தார். எங்கள் காணிக்குக் கீழே காடென்று பச்சை நிறம்தான் பூசியிருந்தது. "படத்தில இந்த இடத்தில ஒருத்தரும் இல்லையே, அம்மா" என்றார். ஏளனமாக அல்ல, பயந்துபோய்ச் சொன்னார்.

"அதுக்கு நாங்கள் என்ன செய்ய, தம்பி? நாங்கள் இருக்கிறம்."

படம் கீறியவருக்கு மாமியைத் தெரியாது. ஐயாவுக்குத் தெரியும். அவர் தங்கையை மறக்கவில்லை. வெட்டால் ஓடுகிற தண்ணீரையும் தங்கையையும் சேர்த்து நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

அன்றே ஐயா போய் மறுகரைக்காரரிடம் கொஞ்சம் தண்ணீர் கேட்டார். மிச்சம்பிடித்த தண்ணீர் அவர்களுக்குப் பங்காகிவிட்டது. "நீங்கள் சொல்லித்தானே அண்ணை விதைச்சனாங்கள். இனி எங்கட பயிரைக் காயவிடச் சொல்லுறியளோ?" என்றார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது. ஐயா திரும்பி வந்து மண்வெட்டியை எடுத்துக் கீழ் வரம்பை வெட்டினார். தன் பரிசோதனை அழிகிறதென்று தெரிந்தும் தம்பி காற்சட்டையை மடித்துவிட்டுக் கூடவே வெட்டினார். ஓடிய கொஞ்சத் தண்ணீரையும் வெடித்த மண் குடித்துவிட்டது. இரண்டு வயலும் பதராகின. மற்ற வயல்கள் நன்றாக விளைந்தன. அவற்றைப் பார்க்க வெளியூர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். ஐயா வீட்டைவிட்டு வெளியே வரவில்லை.

மாமி குடும்பம் சட்டிபானைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு பிறருடைய தோட்டத்துக்கே திரும்பிப் போயிற்று. ஐயா வண்டிக்குப் பின்னால் நடந்தார். மாமி திரும்பிப் பார்க்கவில்லை. பிறகும் ஐயா பலமுறை போனார். தேத்தண்ணீர் கொடுத்தார்கள், கதைக்கவில்லை. தம்பிக்கும் இடமாற்றம் வந்தது. போகுமுன் ஐயாவும் அவரும் இருந்து அந்தப் படத்தில் மாமியின் வயலைக் கோடு போட்டுக் குறித்தார்கள். அப்போது அங்கே ஒருவரும் இல்லை.

அதன்பின் ஐயா கீழ் வரம்பை அடைக்கவேயில்லை. காட்டுக்கு நீர் பாய்ச்சுகிறார் என்று ஊர் சிரித்தது. அம்மா ஏசினார். படுக்கையில் விழுந்த பின்னும் அவர் என்னிடம் கேட்டது அதைத்தான்.

"வெட்டுத் திறந்து கிடக்கோ, பிள்ளை?"

"ஓம் ஐயா."

"அவள் வந்திட்டாளோ?"



நோயில் மருந்து தந்த பரியாரியாருக்கும், பந்தல் போட்டுச் சமைத்துத் தந்த அயலவர்களுக்கும், மறுகரை விவசாயிகளுக்கும், பஸ் மாறி மாறி வந்து பாடைக்குத் தோள் கொடுத்த, இப்போது தலை நரைக்கத் தொடங்கிவிட்ட அந்தத் தம்பிக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

மாமிக்கும் தந்தி கொடுத்தோம். ஐயாவை எடுக்காமல் பொழுது சாயும்வரை பார்த்திருந்தோம். தலைமாட்டில் மாமிக்கென்று விட்ட இடத்தில் ஒருவரும் இருக்கவில்லை. இந்த மலரில் ஒன்றை அவருக்கும் அனுப்புகிறோம். மாமி, கோபத்தை விடுங்கள் என்று கேட்க எனக்கு வாயில்லை. கீழ் வரம்பு இன்னும் திறந்துதான் கிடக்கிறது. உங்கள் வயல் முழுவதும் பற்றைக்காடு மண்டிவிட்டது. தண்ணீர் அதற்குத்தான் போகிறது.