வெள்ளிக்கிழமைச் சட்டை

கொழும்புக்கு வேலைக்கு வந்த புதிதில் நான் தேடியது ஒன்றே ஒன்றுதான்: எனக்குத் தெரிந்த ஆங்கிலப் பாட்டை யாராவது முழுதாகப் பாடும் ஓர் இடம். தமிழ் பேசுகிற ஊருக்கு வந்துவிட்டு இது என்ன ஆசை என்று அலுவலகத்தில் சிரித்தார்கள். நான் வடசென்னையில் துறைமுகக் குடியிருப்பில் வளர்ந்தவள். கப்பல்காரர்களிடம் வாங்கிய கேசட்டை ஞாயிற்றுக்கிழமை மதியம் போட்டுவிட்டுத்தான் அப்பா மீன் கழுவ உட்காருவார். அர்த்தம் புரியாத வயதிலேயே அந்த வரிகள் எனக்கு மனப்பாடம். வெள்ளவத்தையில் வாடகைக்கு எடுத்த ஃப்ளாட்டில், ஜன்னலுக்குக் கீழே ரயில் போகும், அதற்கப்பால் கடல் இருண்டுகொண்டு வரும். அந்த நேரத்தில் அம்மா ஞாபகம் வரவில்லை, சாம்பார் ஞாபகம் வரவில்லை. அந்தப் பாட்டுகள்தான் வந்தன.

வெள்ளவத்தையில் சாயங்காலம் என்றால் புடவைக்கடை, நகைக்கடை, கொத்துரொட்டி தட்டும் சத்தம், அவ்வளவுதான். எனவே வெளியே அலைந்தேன். போன இடமெல்லாம் குமட்டியது. ஒரு ஹோட்டல் மொட்டைமாடியில் டிஜே என்று ஒருவன் எல்லாப் பாட்டையும் இரண்டாவது வரியிலேயே கழுத்தை நெரித்துவிட்டு, கையைத் தூக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தான். இன்னோர் இடத்தில் பெண்களுக்கு இலவசம் என்று இருமல் மருந்தின் நிறத்திலும் ருசியிலும் ஒரு பானம் கொடுத்தார்கள். அது ஏன் இலவசம் என்று சுவரோரம் நின்ற ஆண்களைப் பார்த்ததும் விளங்கியது. சந்தையில் ஆடு பார்க்கிறவன்கூட அவ்வளவு கூச்சமில்லாமல் பார்க்கமாட்டான்.

கடைசியில் கடலோரமாக ஒரு பப் அகப்பட்டது. வாசலில் சீருடை போட்டு நின்றவர் என்னைப் பார்த்ததும் சிங்களத்தில் ஏதோ சொல்லிக் கையை நீட்டி மறித்தார். புரியவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னேன். பாஸ்போர்ட் கேட்டார். இந்தியப் பாஸ்போர்ட்டைக் கண்டதும் அந்த முகம் மாறிய வேகம் இருக்கிறதே! மேடம் என்றார், கதவைத் திறந்துவிட்டார். வெளிநாட்டவருக்கு மட்டும்தான் அனுமதியாம். எழுதி வைத்த பலகை ஏதும் இல்லை, ஆனால் சட்டம் அதுதான். சொந்த நாட்டுக்காரனை வாசலில் நிறுத்திவிட்டு அவன் ஊர்க் கடல்காற்றை அடுத்தவனுக்கு விற்கிற கடை. தூ என்று திரும்பியிருப்பேன். அதற்குள் உள்ளேயிருந்து பாட்டு கேட்டுவிட்டது. அப்பாவின் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை, ஒரு சொல் குறையாமல்.

பாட்டைத் தவிர அங்கே சகிக்கும்படி எதுவும் இல்லை. மேசை பிசுபிசுக்கும். குடிக்கிறவர்கள் தொட்டுக்கொள்ள பைட் என்ற பெயரில் தட்டில் வரும் பொரித்த கணவாய், போன வாரத்து எண்ணெயில் நீந்திய கணவாய். வெயிலில் சிவந்த வயசான வெள்ளைக்காரர்கள், பேத்தி வயதுப் பெண்களின் இடுப்பில் கை போட்டுக்கொண்டு, பாட்டு புரிந்ததுபோல் தலையாட்டுவார்கள். மேடையில் பாடியவர் மட்டும் அந்த இடத்துக்குப் பொருந்தாத சுத்தம். தூய வெள்ளைச் சட்டை, கஞ்சி போட்டு மடிப்பு நிற்கும் கைகள். இரண்டு பாட்டுக்கு நடுவே, தன் தாத்தா டச்சுக் கப்பலில் வந்தவர் என்பார். தனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, பொருத்தமான பெண்ணுக்காகக் காத்திருக்கிறேன் என்று ஆங்கிலத்தில் சொல்லிக் கண்ணடிப்பார். கூட்டம் ஊளையிடும். வாரா வாரம் இதே சரக்குதான்.

சில வாரம் கழித்து, இடைவேளையில் அவர் யாரிடமோ ஃபோனில் தமிழில் கதைத்துக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. போய்ப் பேசினேன். டச்சுத் தாத்தாவும் இல்லை, கப்பலும் இல்லை. கொட்டாஞ்சேனைத் தமிழர், கத்தோலிக்கர், பகலில் ஒரு கப்பல் ஏஜென்சியில் கிளார்க். சிரித்துக்கொண்டே, இதெல்லாம் தொழிலுக்காகச் சொல்கிறது, அக்கா, கணக்கெடுக்காதீங்க என்றார். அடுத்த ஞாயிறு சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கூப்பிட்டார். அப்போதுதான் அவருக்கு மனைவி ஒருத்தி இருப்பதே எனக்குத் தெரிந்தது.

கொட்டாஞ்சேனையில் மாதா கோயிலுக்குப் பின்னால், படி ஏறிப் போகிற சின்ன வீடு. மஞ்சள் சோறும் கோழிக்கறியும் கட்லட்டும் செய்திருந்தார் அவர் மனைவி. என்னைவிடச் சில வயது இளையவர், கான்வென்டில் படித்தவர், அளவாகப் பேசுகிறவர். சோற்றைவிட என் கண்ணில் பட்டது கதவில் மாட்டியிருந்த வெள்ளைச் சட்டை. வெள்ளிக்கிழமைச் சட்டை என்றார் அந்தப் பெண். சனிக்கிழமை தோய்த்து, கஞ்சி வடித்து, வியாழன் இரவு அயர்ன் பண்ணுவாராம். மடிப்பு ஒரு நூல் தப்பினாலும் அவருக்குப் பிடிக்காது என்று பெருமையாகச் சொன்னார். இருவரும் கோயில் பாடற்குழுவில் சந்தித்துக் கல்யாணம் கட்டியவர்கள்.

சாப்பாட்டு நடுவே அந்தப் பெண் என்னிடம் கேட்டார்.

"அக்கா, அவர் அங்க நல்லாப் பாடுறாரா? கோயில்ல பாடக் கேட்டிருக்கன். அங்க பாடுறதை ஒரு நாளும் கேட்டதில்ல. கல்யாணம் கட்டின நாள்ல இருந்து ஆசை."

நான் வாயைத் திறப்பதற்குள் கணவர் முந்திக்கொண்டார். அங்கே லோக்கல் ஆட்களை விடமாட்டார்கள், அது உனக்குத் தெரியும்தானே என்றார், கட்லட்டைப் பிட்டுக்கொண்டே. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்மேல் இல்லை, அந்தப் பப்பின்மேல். கட்டிய புருஷன் பாடுவதைக் கேட்கக்கூட ஒருத்திக்குப் பாஸ்போர்ட் வேண்டுமா? கைகழுவப் போன இடத்தில் அவர் மனைவி என் பக்கத்தில் வந்து மெதுவாக, உங்களோட வந்தா விடுவாங்களோ என்று கேட்டார். விடவைக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

திட்டம் என்னுடையது. கதைப்படி அவர் மனைவி சென்னையிலிருந்து வந்த என் தங்கை, பாஸ்போர்ட்டை ஹோட்டலில் வைத்துவிட்டு வந்துவிட்டாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் ஃப்ளாட்டில் ஒத்திகை பார்த்தோம். ஓம் என்று சொல்லாதீங்க, ஆமா சொல்லுங்க என்றேன். ஆமா, ஆமா என்று கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தார். கதைக்கிறது என்று வராமல் பேசுறது என்று வரவைக்க அரைமணி நேரம் பிடித்தது. சிங்களக் காவலாளிக்கு ஓமும் ஆமாவும் ஒன்றுதான் என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை. நீல நிறப் புடவை, காதில் சின்ன முத்து. இப்படி உடுத்திப் போய் எவ்வளவு காலம் என்று அவரே சொல்லிக்கொண்டார்.

வாசலில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. நான் பாஸ்போர்ட்டைக் காட்டினேன், தங்கை கதையைச் சொன்னேன். காவலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பெண் தலையை மட்டும் ஆட்டினார். சரி போங்க என்று காவலாளி கதவில் கை வைத்துவிட்டார். அப்போதுதான் அவர் கவனித்திருக்க வேண்டும், அந்தப் பெண்ணின் கைப்பை வாய் திறந்து கிடந்தது.

"நங்கி, பேக் எக எரிலா," என்றார் காவலாளி.

"ஆ, ஸ்தூதியி அய்யே," என்று சொல்லிக்கொண்டே அவர் ஸிப்பை இழுத்து மூடினார்.

பை திறந்திருக்கு தங்கச்சி, நன்றி அண்ணா, அவ்வளவுதான், ஆனால் இரண்டுமே சிங்களம். சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. என்ன செய்ய? பிறந்ததிலிருந்து கடைக்காரன், கண்டக்டர், பொலிஸ்காரன், சீருடை போட்ட யார் வாய் திறந்தாலும் சிங்களத்தில் பதில் சொல்லிப் பழகிய நாக்கு. நான் தமிழுக்குத்தான் பூட்டுப் போட்டிருந்தேன். காவலாளி கதவிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

நான் சண்டைக்குத் தயாரானேன். அந்தப் பெண் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, நிதானமாக, சிங்களத்திலேயே, கொட்டாஞ்சேனையிலிருந்து வருவதாகவும், உள்ளே பாடுகிறவர் தன் கணவர் என்றும் சொன்னார்; ஊர்ப்பெயரும் மேடையைக் காட்டிய விரலும் எனக்கே விளங்கின. காவலாளி கோபப்படவில்லை, குழம்பிப்போனார். பிறகு எனக்கும் புரியட்டும் என்று ஆங்கிலத்தையும் கலந்து சொன்னார். பேண்ட் ஆட்களின் வீட்டார் எப்போதும் வரலாம், மிஸ், அதற்கு ஒரு தடையும் இல்லை. அந்த ஐயா ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் போதுமே. கண்ணாடி வழியாக உள்ளே கை காட்டினார். மேடைக்குப் பக்கத்து மேசையில் பச்சை உடுப்பில் ஒரு பெண் கணவாய் தின்றுகொண்டிருந்தார். டிரம்ஸ் அடிப்பவரின் மனைவியாம். வாரம் தவறாமல் வருவாராம். நானும் வாரம் தவறாமல் அவரைப் பார்த்திருக்கிறேன், யாரென்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

அத்தனை வாரமும் அந்தச் சட்டத்தின்மேல் காறித் துப்பிக்கொண்டிருந்தேன் நான். அந்தக் கேடுகெட்ட சட்டத்தின் பின்னால் வசதியாக ஒளிந்துகொண்டிருந்தான் ஒருத்தன், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு.

காவலாளி கதவை அகலத் திறந்து, போங்க நங்கி என்றார். குளிர்காற்றோடு பாடகரின் குரலும் வெளியே வந்தது. டச்சுத் தாத்தா வந்தார், கப்பல் வந்தது. அப்புறம் அந்தப் பேச்சும் வந்தது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை, காத்திருக்கிறேன் என்று. கூட்டம் ஊளையிட்டது. அந்தப் பெண் வாசற்படியில் அசையாமல் நின்றார். பாட்டு தொடங்கியது. மேடை வெளிச்சத்தில் பாடுகிறவருக்கு வாசல் தெரிந்திருக்காது. காவலாளி கதவைப் பிடித்தபடியே இருந்தார். பாட்டு முழுதையும் அந்தப் பெண் கேட்டார், ஒரு சொல் குறையாமல். முடிந்ததும் காவலாளிக்கு நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

த்ரீவீல் ஆட்டோவில் கொட்டாஞ்சேனைவரை கூடவே போனேன். வழி முழுக்க நான்தான் பொரிந்து தள்ளினேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நல்லாத்தான் பாடுறார் என்று ஒருமுறை சொன்னார், அதுவும் எனக்குச் சொன்ன மாதிரி இல்லை. வந்ததைக் கணவரிடம் சொல்லப்போகிறீர்களா என்று கேட்டேன். வீட்டு வாசலில் இறங்கி, புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டார்.

"சொல்ல என்ன இருக்கு, அக்கா. இனி வெள்ளிக்கிழமைச் சேர்ட்டை அவரே தோய்ச்சு அயர்ன் பண்ணட்டும்."

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை அந்தப் பப்புக்குப் போனேன். அதுதான் கடைசி. பாட்டுக்காகப் போகவில்லை. அவர் மேடைக்கு வந்தபோது சட்டை உடம்பில் கசங்கிக் கிடந்தது. ஒரு கையில் இரண்டு மடிப்பு, மறு கையில் ஒன்றுமில்லை, காலரில் அயர்ன் சூட்டின் பழுப்புத் தடம். பச்சை உடுப்புக்காரி அதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் வழக்கம்போலத் தாத்தாவைக் கப்பலில் இறக்கினார். தனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று சொல்லிக் கண்ணடித்தார்.

அன்றைக்குத்தான் அது நம்பும்படி இருந்தது.